முதலிடத்துக்கு அடுத்த படி

பொதுத்தேர்வில் தமிழ்நாட்டையே முந்துகிறார்கள் அரியலூர், பெரம்பலூர் பிள்ளைகள். விக்கிரமங்கலத்திலிருந்து ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் வரைக்கும் அவர்களுக்கு வழி சொல்வது யார்?

2025 மே 8. பிளஸ் டூ முடிவுகள் வெளியானபோது மாவட்டப் பட்டியலின் முதல் வரியில் இருந்தது அரியலூர். தேர்ச்சி 98.82 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பிலும் 97.31 சதவீதத்தோடு அரியலூர்தான் முதலிடம். 2023-ல் பத்தாம் வகுப்பு முதலிடம் பக்கத்திலிருக்கும் பெரம்பலூருக்கு, 97.67 சதவீதம். வானம் பார்த்த பூமி, சிமென்ட் லாரிகளின் புழுதி, வேலை தேடி வெளியூர் போகும் ஜனம் என்று பேசப்பட்ட இரண்டு மாவட்டங்கள், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்துக்கே முன்னால் நின்றிருக்கின்றன. பெரிய கோச்சிங் சென்டர்கள் இல்லாத ஊர்களில், பெரும்பாலும் அரசுப் பள்ளிகளிலிருந்து வந்த வெற்றி இது. ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உழைத்துச் சம்பாதித்தது.

அந்த முதலிடம் அதற்குப் பிறகு எங்கே போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

அரியலூர் மாவட்டத்தின் விக்கிரமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளிடக் கரைப் பகுதிக்குப் பக்கத்து ஊர். சோழர் காலத்தைச் சேர்ந்த புத்தர் சிற்பம் இருக்கும் ஊர் என்று வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். இங்கே பிளஸ் டூ முடிக்கும் ஒரு பிள்ளையின் காதில் விழும் யோசனைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மார்க் இருந்தால் டாக்டர், இல்லையென்றால் இன்ஜினீயரிங். பெண் பிள்ளை என்றால் நர்சிங் அல்லது பி.எட். பையன் என்றால் போலீஸ் செலக்‌ஷன், குரூப் 4. எல்லாமே மதிப்பான வேலைகள்தான். ஆனால் ‘நீ ஆராய்ச்சியாளர் ஆகலாம்; அதற்கு அரசு உனக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும்’ என்று ஒரு குரல் அந்த வீட்டு வாசலுக்கு வருவதில்லை.

மருத்துவம் ஒன்றே உயர்படிப்பு என்று நம்பியதற்கு இந்த மாவட்டம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1200-க்கு 1176 மதிப்பெண் எடுத்தும் நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காத குழுமூர் அனிதா, 2017 செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போனார். இன்று அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்தார்கள். அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவருடைய நியாயத்துக்கான போராட்டம் தொடரவேண்டும். அதோடு, ஒரு கதவு அடைபட்டால் வாழ்க்கையே அடைபட்டது என்று எந்தப் பிள்ளையும் நினைக்காதபடி மற்ற கதவுகளையும் காட்டுவது நம் கடமை.

மண் இங்கே, பட்டம் அங்கே

ஆராய்ச்சி என்பது அரியலூருக்குத் தொலைதூரத்து விஷயமே இல்லை. உலக ஆராய்ச்சி இந்த மண்ணைத் தேடி வந்து ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆகின்றன.

சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இங்கே உள்ளே புகுந்தது. பல கோடி ஆண்டுகளாக முன்னேறியும் பின்வாங்கியும் அது விட்டுப்போன படிவுகள்தான் இன்றைக்கு சிமென்ட் ஆலைகள் தோண்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல். அதே படிவுகளில் அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் கடல் முள்ளெலிகளும் கல்லாகிக் கிடக்கின்றன. கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சேகரித்த தென்னிந்தியப் புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-ல் லண்டனில் வெளியிட்டார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை அளந்து படிவுகளை வகைப்படுத்தினார். மொராவியாவில் பிறந்து கல்கத்தாவில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இங்கிருந்து போன சிப்பிகளையும் நத்தைகளையும் ஒவ்வொன்றாக விவரித்து பெரிய பெரிய தொகுதிகளாக எழுதினார். அரியலூர், காரை, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்று நம் ஊர்களின் பெயர்களே நிலவியல் நூல்களில் பாறை அடுக்குகளின் பெயர்கள் ஆயின. இந்தத் துறையில் ஜப்பானிலோ ஜெர்மனியிலோ படிப்பவருக்கும் அரியலூர் தெரியும்.

பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் கல்மரம் இருக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மரத்தின் நீளம் 18 மீட்டர். நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை அறிவியல் உலகத்துக்குத் தெரிவித்தார்.

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டின் கதை இன்னும் ஆழமாக யோசிக்கவைப்பது. அங்கே கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் 1987-ல் ‘புருகத்காயோசாரஸ்’ என்ற டைனோசருக்குப் பெயரிட்டார்கள். பூமியில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக அது இருக்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால் அந்த எலும்புகள் காலப்போக்கில் உதிர்ந்து அழிந்துவிட்டன. இப்போது கையில் இருப்பவை படங்களும் பழைய குறிப்புகளும் மட்டுமே. கல்லமேட்டுக்குப் பக்கத்திலேயே எலும்பைப் பதப்படுத்தத் தெரிந்த ஆட்களும் ஒரு ஆய்வகமும் அன்றைக்கு இருந்திருந்தால், அந்த உலகச் சாதனை இன்று கண்ணாடிப் பெட்டியில் நின்றிருக்கக்கூடும். 2013-ல் அதே கல்லமேட்டுப் படிவில் கிடைத்த சின்னஞ்சிறிய டைனோசர் பல் ஒன்று, உலகின் முன்னணி அறிவியல் இதழ் ஒன்றில் கட்டுரையானது. எழுதியவர்கள் டெல்லி, லண்டன், நியூயார்க் என்று பல இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள்.

அவர்கள் மீது நமக்குக் குறையில்லை. அறிவியல் எல்லோருக்கும் பொது. நம் ஆதங்கம் வேறு. இந்த மண் இத்தனை பேரை ஆராய்ச்சியாளர்களாக்கியது. இந்த மண்ணில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் உழும் குடும்பங்களிலிருந்து அந்த வரிசைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? வாரணவாசியிலும் பெரம்பலூரிலும் இப்போது புதைபடிவங்களுக்குக் காட்சியகங்கள் வந்துவிட்டன. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறோம். ‘இதைப் படித்தால் வேலை உண்டு, சம்பளம் உண்டு’ என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பார்வை முழுமையாகும்.

பிஎச்.டி. என்பது வேலை

‘இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பது?’ என்ற கேள்விதான் கிராமத்து வீடுகளில் ஆராய்ச்சிக் கனவை முதலில் நிறுத்துகிறது. நியாயமான கேள்வி. முதல் தலைமுறைப் பட்டதாரியின் குடும்பத்துக்கு 22 வயதில் சம்பளம் வேண்டும். அதனால் கணக்கை வெளிப்படையாகவே வைப்போம்.

தேசியத் தகுதித் தேர்வுகளான யு.ஜி.சி. நெட் அல்லது சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்று பிஎச்.டி. சேரும் மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். பிறகு மூத்த ஆய்வாளர் நிலையில் மாதம் 42,000 ரூபாய். 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. விடுதி இல்லாதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 70,000 ரூபாயில் தொடங்குகிறது. பிஎச்.டி. முடித்து ஆய்வுத் திட்டங்களில் சேருபவர்களுக்கு 58,000 முதல் 67,000 ரூபாய் வரை. பல்கலைக்கழகத்திலோ அரசுக் கல்லூரியிலோ உதவிப் பேராசிரியர் ஆனால் தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டும் 57,700 ரூபாய். மாநில அரசும் முதலமைச்சர் பெயரிலான ஆராய்ச்சி உதவித்தொகையாக மாதம் 25,000 ரூபாய் தருகிறது. அதற்குத் தனித் தேர்வு உண்டு. முழுநேரம் பிஎச்.டி. செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டமும் இருக்கிறது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் பிஎச்.டி. உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய்தான். மாநிலப் பல்கலைக்கழகங்களில் எந்தத் தொகையும் இல்லாமல் ஐந்தாறு ஆண்டுகள் தவிப்பவர்களும் ஏராளம். ஆகவே விக்கிரமங்கலத்துப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய முதல் புத்திமதி: உதவித்தொகையை உறுதிசெய்துகொண்டு பிஎச்.டி.க்குப் போ. அதற்கான ஆயத்தம் எம்.எஸ்சி. முடித்த பிறகு தொடங்குவது தாமதம். பி.எஸ்சி. முதலாண்டிலேயே தொடங்கவேண்டும்.

எந்த வாசல், எப்போது?

பிளஸ் டூ பொதுத்தேர்வில் மாநில அளவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை உதவி கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. பெரிய கல்லூரிக்குப் போகவேண்டும் என்பதே இல்லை. அரியலூர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தபடியே அடுத்த படிக்குத் தயாராகலாம். விரும்பினால் திருப்பதி போன்ற இடங்களில் இருக்கும் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான ஐ.ஏ.டி. தேர்வை பிளஸ் டூ முடிந்த உடனே எழுதலாம். அங்கே இளநிலையிலிருந்தே ஆய்வகம்தான் வகுப்பறை.

பி.எஸ்சி. படிக்கும்போது கவனிக்கவேண்டியது கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் திட்டத்தில், தேர்வாகும் மாணவர் ஏதேனும் ஒரு பெரிய நிறுவனத்தில் விஞ்ஞானி ஒருவரோடு இரண்டு மாதம் வேலை செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. அதற்கு விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்துவிடும். இந்த ஒரு தகவல் சரியான நேரத்தில் கிடைக்காமல் போனதால் எத்தனை பிள்ளைகள் ஆய்வகத்தையே பார்க்காமல் பட்டம் வாங்கிவிட்டார்கள்!

ஐ.ஐ.டி.களிலும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் முதுநிலை அறிவியல் படிக்க ஜாம் தேர்வு. செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுநிலைத் தேர்வு, மார்ச் மாதம். நெட் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. 2024-லிருந்து நெட் மதிப்பெண்ணே பல பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. சேர்க்கைக்கும் போதுமானது. 2022-ன் யு.ஜி.சி. விதிப்படி எம்.ஃபில். கிடையாது, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் நேரடியாகவே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். பேராசிரியர் ஒருவர் அதிகபட்சம் எட்டு ஆய்வாளர்களுக்குத்தான் வழிகாட்ட முடியும் என்பதால், யாரிடம் இடம் இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்பது அவசியம்.

கைக்கெட்டும் தூரத்திலேயே பெரிய வளாகங்கள் இருக்கின்றன. அரியலூர், பெரம்பலூர் கல்லூரிகள் இணைந்திருக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-ல் தொடங்கியது. திருச்சி - புதுக்கோட்டை சாலையில் பல்கலைப்பேரூர் என்று கேட்டால் பஸ் நிற்கும். தஞ்சையில் 1981-ல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் 1929-ல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், திருவாரூரில் 2009-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சியில் என்.ஐ.டி. கங்கைகொண்ட சோழபுரமும் மாளிகைமேடும் இருக்கும் மாவட்டத்துப் பிள்ளைக்குத் தொல்லியலும் கல்வெட்டும் படிக்கத் தஞ்சையைவிடப் பக்கம் எது? அரியலூர்ப் பாறைகளைப் படிக்க திருச்சி நேஷனல் கல்லூரி, அண்ணாமலை, சேலம் பெரியார் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் நிலவியல் துறை இருக்கிறது. நெட் தேர்விலும் புவி அறிவியல் ஒரு தனிப் பாடம்.

மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் தரம் குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம். லட்சுமணன் உருவாக்கிய நேரிலா இயக்கவியல் மையம் உலக இயற்பியலாளர்கள் அறிந்த இடம். அங்கே கே. முரளியும் லட்சுமணனும், கலிஃபோர்னியாவின் லியோன் சுவாவோடு சேர்ந்து 1994-ல் அறிமுகப்படுத்திய எளிய மின்சுற்று, மூவர் பெயராலும் ‘முரளி - லட்சுமணன் - சுவா சுற்று’ என்றே உலகெங்கும் பாடமாகிறது. சில எளிய மின் உறுப்புகளை வைத்து ஒழுங்கற்ற அலைவுகளை ஆராயும் சுற்று அது. பல கோடி ரூபாய்க் கருவி இல்லாத இடத்தில் கூர்மையான கேள்வி இருந்தது, அதனால் முடிந்தது.

வெளிநாடு என்றால் பணக்காரர்களுக்கு என்ற நினைப்பும் மாறவேண்டும். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் பிஎச்.டி. இடங்கள் பெரும்பாலும் வேலைவாய்ப்பு விளம்பரமாகவே வருகின்றன. தேர்வானவர் சம்பளம் வாங்கும் ஊழியர். அமெரிக்காவில் வகுப்பு எடுத்தும் ஆய்வகத்தில் உதவியும் பிஎச்.டி. செலவை ஈடுகட்டுகிறார்கள். கேட்பது நல்ல மதிப்பெண், ஓர் ஆய்வு அனுபவம், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், தெளிவாக எழுதிய ஒரு பக்க விண்ணப்பம். இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடமும், காசுக்கு ஆய்வேடு எழுதித் தருகிறேன் என்பவரிடமும் போகவே கூடாது. அப்படி வாங்கிய பட்டம் என்றைக்கு வேண்டுமானாலும் பறிபோகும்.

நுழைவாயிலில் தமிழ் இல்லை

நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஜே.இ.இ. மெயின் தேர்வை 2021-லிருந்து தமிழில் எழுதலாம். இளநிலை க்யூட் தேர்வும் தமிழில் உண்டு. ஆனால் ஆராய்ச்சியாளரையும் பேராசிரியரையும் தேர்ந்தெடுக்கும் நெட் தேர்வில், மொழிப் பாடங்கள் நீங்கலாக, வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ் இலக்கியம் படித்தவர்கூட, தன் பாடத்தைத் தமிழில் எழுதினாலும், பொதுத்தாளை இந்த இரு மொழிகளில் ஒன்றில்தான் வாசித்துப் புரிந்துகொள்ளவேண்டும். அட்டவணை, பத்தி வாசிப்பு, தர்க்கக் கேள்வி எல்லாம் அந்தத் தாளில்தான். உத்தரப் பிரதேசத்தில் தாய்மொழியில் படித்த மாணவருக்கு இருக்கும் வசதி, விக்கிரமங்கலத்தில் தாய்மொழியில் படித்த மாணவருக்கு இல்லை. பிளஸ் டூவில் மாநிலத்தை முந்தியவர் பலர் இந்த வாசலில் ஆண்டுக்கணக்கில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். நெட் தேர்வின் பொதுத்தாளைத் தமிழிலும் நடத்தவேண்டும் என்று தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒரே குரலில் கேட்கவேண்டிய நேரம் இது.

பட்டம் பெற்றவர்களின் காத்திருப்பு

ஆராய்ச்சிக்குப் போகச் சொல்பவர்கள், ஆராய்ச்சி முடித்தவர்களின் நிலைமையையும் பேசியாகவேண்டும். தமிழ்நாட்டு அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள்தான் வகுப்புகளைத் தாங்குகிறார்கள். அவர்களில் பலர் நெட் தேறியவர்கள், பிஎச்.டி. முடித்தவர்கள். 20,000 ரூபாயாக இருந்த மாத ஊதியம் 2023-ல் 25,000 ஆனது. அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். பக்கத்து வகுப்பறையில் அதே பாடத்தை நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளத்தில் இது பாதிகூட இல்லை.

நிரந்தர நியமனம் எப்போது வரும் என்ற எதிர்பார்ப்பிலேயே இளமை கழிகிறது. 2019-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. நியமனம் வரை அது போய்ச்சேரவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அந்தத் தேர்வும் தள்ளிப்போனது. இடையில் எத்தனை பேருடைய வயது கடந்திருக்கும், எத்தனை பெண்களின் வீடுகளில் ‘படித்தது போதும்’ என்ற முடிவு எடுக்கப்பட்டிருக்கும்! பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் நியமனம் நீதிமன்றப் படிகளில் நிற்கும்போது, துறைகளில் பேராசிரியர் பணியிடங்களும் காலியாகவே கிடக்கின்றன. பேராசிரியர் இல்லாத துறையில் ஆய்வு மாணவருக்கு இடமும் இல்லை. ஒரு காலியிடம் ஓர் ஆசிரியரின் வாழ்க்கையோடு நிற்பதில்லை, அவரிடம் பிஎச்.டி. செய்திருக்கக்கூடிய எட்டுப் பேரின் வாழ்க்கையும் அதில் இருக்கிறது. நீர் வராத வாய்க்காலில் கடைமடை விவசாயிதான் முதலில் காய்வது போல, இந்தத் தாமதத்தில் முதலில் உதிர்பவர்கள் கிராமத்து முதல் தலைமுறையினர். வசதியுள்ளவர்களால் பத்தாண்டு காத்திருக்க முடியும்.

செய்யவேண்டியது என்ன?

அரசு செய்யவேண்டியது தெளிவானது. உதவிப் பேராசிரியர் தேர்வுக்கு ஆண்டுக்கொரு நிரந்தர நாள்காட்டி வேண்டும். அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுத் திட்டம் வெளியிடுவது போல இதற்கும் வெளியிடலாம். கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பன்னிரண்டு மாத ஊதியமும், அவர்கள் பணியாற்றிய ஆண்டுகளுக்குத் தேர்வில் உரிய மதிப்பும் தரவேண்டும். ‘நான் முதல்வன்’ திட்டம் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கல்லூரிப் படிப்புகளை அறிமுகப்படுத்துகிறது. அதே திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஜாம், நெட் தேர்வுகளுக்கான இலவசப் பயிற்சியை அரியலூர், பெரம்பலூர் மையங்களிலும் தரலாம்.

பாரதிதாசன் பல்கலைக்கழகம் தன் கீழுள்ள இந்த இரு மாவட்டக் கல்லூரிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு நாள் தன் ஆய்வகங்களைத் திறந்துவிடட்டும். ஆய்வாளர் ஒருவர் தன் கருவியைக் காட்டி, தான் வாங்கும் உதவித்தொகையைச் சொல்லி, தான் எந்த ஊர் அரசுப் பள்ளியில் படித்தேன் என்று ஒரு மணி நேரம் பேசினால், நூறு வழிகாட்டிப் புத்தகங்களுக்கு அது ஈடாகும். இந்த மண்ணின் சுண்ணாம்புக்கல்லால் வளர்ந்த சிமென்ட் ஆலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பகுதியைப் புதைபடிவ ஆய்வுக்கும், அதைப் படிக்கும் உள்ளூர் மாணவர்களின் உதவித்தொகைக்கும் ஒதுக்குவது நியாயம். கல்லமேட்டு எலும்புகளுக்கு நேர்ந்தது இனி நேராமல் இருக்க, அரியலூரிலேயே புதைபடிவங்களைப் பாதுகாக்கும் ஓர் ஆய்வகம் வேண்டும். அதில் வேலை பார்க்க உள்ளூர்ப் பட்டதாரிகள் இருப்பார்கள்.

பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிவு வெளியாகும் நாளில் முதலிடப் பிள்ளைக்கு மாலை போடும்போது, ஐசர், இன்ஸ்பயர், ஜாம் என்ற மூன்று பெயர்களையும் அவற்றின் விண்ணப்ப மாதங்களையும் ஒரு தாளில் எழுதி அந்தக் கையில் கொடுங்கள். அந்தத் தாளைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள்.

பெற்றோரிடமும் ஒன்று: ‘எத்தனை வருஷம் படிப்பாய்’ என்ற கேள்வியோடு ‘எந்த வருஷத்திலிருந்து உதவித்தொகை வரும்’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் தேடிக் கொண்டுவரும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். தேடத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு ஆராய்ச்சியாளர்.

விக்கிரமங்கலத்துப் பிள்ளைகளே, மார்க் வாங்க உங்களுக்குத் தெரியும் என்று மூன்று ஆண்டுகளில் இந்த இரண்டு மாவட்டங்களும் நிரூபித்துவிட்டன. இனி எழுதவேண்டியது பிறர் தயாரித்த கேள்விகளுக்கான பதில் மட்டுமல்ல, இதுவரை யாரும் கேட்காத கேள்விகளும்கூட. அந்த வேலைக்கு அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது; பல்கலைக்கழகங்களில் அதற்கான இடங்கள் இருக்கின்றன. அவை உங்களுக்கும் உரியவை. இந்த ஆண்டே விண்ணப்பியுங்கள்.